கையில்லாமல் வரைந்த அம்மா

ஜூன் 17

அன்புள்ள தையல்காரருக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பெட்டியின் கைப்பிடி மட்டும் பாதி வழியிலேயே பிய்ந்துவிட்டது. நீங்கள் தைத்துக் கொடுத்த கைப்பிடிதான். ஊரெல்லாம் உங்கள் தையலைப் புகழ்கிறது, வீட்டுக்காரிக்குத் தைத்தது ஒன்றரை நாள் பஸ் பயணத்துக்குத் தாங்கவில்லை. மீதி தூரம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஹாஸ்டலில் அறைக்கு நாலு கட்டில். என்னுடையது ஜன்னல் பக்கம். ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது, வேறொன்றும் தெரியவில்லை. மற்ற மூன்று பேருக்கும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. முதல் நாள் அக்கா என்றார்கள். இரண்டாம் நாள் ஒருத்தி வாய் தவறி ஆன்ட்டி என்றாள். வயது வரம்புக்கு ஒரே ஒரு வருஷம் மிச்சம் இருக்கும்போது வந்து சேர்ந்தவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? பக்கத்துக் கட்டில் பெண்ணுக்குச் சாக்பீஸ் தூள் பட்டால் தும்மல் நிற்பதில்லை. அவளுக்குத் தும்மல் என்றே பெயராகிவிட்டது. ஓவிய ஆசிரியர் ஆகத்தான் அவளும் வந்திருக்கிறாள், பாவம்.

மூன்று நாளாகக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறோம். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. எட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் கிளாஸ் எடுத்தவள் நான். கோடு கோணுகிறது என்று இங்கே எழுந்து நிற்கச் சொல்லிவிட்டார்கள். பாடம் எடுக்கிற மேடமே ஒரு கோடு மாதிரிதான் நிற்கிறார், அதனால் அவருக்கு அடிஸ்கேல் என்று பெயர். கோபம் வரும்போதெல்லாம் ஊரில் நம் ஹெட்மிஸ்ட்ரஸ் முகத்தை நினைத்துக்கொள்கிறேன். சர்டிபிகேட் இல்லை என்று சொல்லி என் பீரியடைப் பிடுங்கி விளையாட்டு மாஸ்டரிடம் கொடுத்தாரே, அந்த முகம். உடனே கோடு நேராகிவிடுகிறது.

வாலு என்ன செய்கிறாள்? நான் கிளம்பும்போது உங்கள் கட்டிங் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தவள் வெளியே வரவே இல்லை. ஒரு பாதம் மட்டும் தெரிந்தது. அதில் நூல் ஒட்டியிருந்தது. ஏழு வயதுக் குழந்தையைப் பத்து மாதம் விட்டுவிட்டு வந்தவள் என்று இங்கே யாரும் என்னைச் சொல்லவில்லை. நானேதான் சொல்லிக்கொள்கிறேன்.

வார்டன் அறையில் ஒரு போன் இருக்கிறது. சாவு, ஆஸ்பத்திரி என்றால்தான் கொடுப்பார்களாம். அதனால் கடிதம் போடுங்கள். வாலுவை வாரம் ஒரு படம் வரையச் சொல்லி அதையும் கூட வையுங்கள். எட்டு வருஷம் ஊரார் பிள்ளைகளின் படங்களைத் திருத்திவிட்டுக் களைத்து வந்து, அவள் வரைந்ததை நான் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை.

இப்படிக்கு,
கைப்பிடியற்ற பெட்டிக்காரி


ஜூன் 29

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

கைப்பிடி விஷயத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். அவசரத்தில் ஒற்றைத் தையல் போட்டுவிட்டேன். நீ போகமாட்டாய் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டே தைத்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இங்கே எல்லாம் ஒரு மாதிரி ஓடுகிறது. முட்டையும் ரொட்டியும் நன்றாக வருகிறது, மற்றதெல்லாம் கடவுள் விட்ட வழி. ஜடைதான் என்னைக் கொல்கிறது. முப்பது வருஷமாகத் துணியோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு மூன்று பிரி முடி அடங்க மாட்டேன் என்கிறது. முதல் நாள் நான் பின்னி அனுப்பியதைப் பள்ளிக்கூடத்து ஆயாம்மா அவிழ்த்துப் பின்னி அனுப்பியிருந்தார். இப்போது நான் பின்னுவதே இல்லை, அவிழ்த்த முடியோடு அவரிடமே அனுப்பிவிடுகிறேன்.

படம் இதோ. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வரைந்தாள். நான் சொல்லவே இல்லை, உன் கடிதம் வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள். வானம் மேலே ஒரு நீலப் பட்டையாக இருக்கிறது. நான் கடை வாசலில் நிற்கிறேன், என் கத்திரிக்கோல் என்னைவிட நீளம். நீ வீட்டைவிடப் பெரிதாக இருக்கிறாய். உனக்குக் கை போட மறந்துவிட்டாள் போலிருக்கிறது. வழக்கம்போல இடக்கையால் கிரேயானை அழுத்தி அழுத்தித் தேய்த்ததில் பின்பக்கமெல்லாம் மேடு தட்டுகிறது, தடவிப் பார்.

"அம்மாகிட்ட பத்திரமா போகுமா?" என்று மூன்று தடவை கேட்டாள். கடிதத்தை ஒட்டியது அவள்தான். அதனால்தான் இவ்வளவு பசை.

உன்,
தையல்காரன்


ஜூலை 11

அன்புள்ள தையல்காரருக்கு,

படம் கைக்கு வந்த அன்று சாப்பிடப் போகவில்லை. தும்மல் என் தட்டை அறைக்கே கொண்டுவந்து கொடுத்தாள். ஜன்னலோரம் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இந்த வாரம் மனித உருவ அளவுகள் பாடம். தலையை ஒரு பங்கு என்று வைத்தால் உடம்பு இத்தனை பங்கு, கை தொடை வரைக்கும் வரவேண்டும், அப்படி. படித்தது சூடாக இருக்கும்போதே வாலுவுக்கும் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று சிவப்புப் பென்சிலை எடுத்தேன். படத்தை அப்படியே திருத்தி இதோடு அனுப்புகிறேன். என்னைக் கதவுக்குள் நுழைகிற அளவுக்குச் சின்னதாக்கியிருக்கிறேன். உங்கள் கத்திரிக்கோலைக் கைக்கு அடக்கமாகப் போட்டிருக்கிறேன். வானம் தரை வரைக்கும் இறங்கி வரும் என்று அம்புக்குறி காட்டியிருக்கிறேன். எனக்கு இரண்டு கையும் போட்டுவிட்டேன். கை இல்லாவிட்டால் அம்மா எப்படி வேலை செய்வாள் என்று அவளிடம் கேளுங்கள்.

பத்துக்கு ஆறு. சலுகை காட்டவில்லை, என் முதல் மாணவி இல்லையா? கீழே "நன்று. பார்த்து வரை" என்று எழுதியிருக்கிறேன். அடுத்த படம் எப்படி வருகிறது என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

தண்ணீர்த் தொட்டியின் மேல் தினமும் ஒரு காகம் வந்து உட்காருகிறது. அதைப் பதினெட்டு தடவை வரைந்துவிட்டேன். உங்கள் முகத்தை நினைவிலிருந்து வரையப் பார்த்தேன், மூக்கு வரைக்கும் வந்தது. அதற்கு மேல் முடியவில்லை.

உங்கள்,
மாணவியும் ஆசிரியையும்


ஜூலை 27

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

உன் கடிதமும் படமும் வந்தன. வாலுவிடம் கொடுத்தேன். பார்த்தாள். பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

இந்த வாரம் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை. அதனால் படம் இல்லை. எனக்கும் பள்ளிச் சீருடை ஆர்டர் மலைபோல் குவிந்திருக்கிறது. பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுத்தே விரல் நுனி செத்துவிட்டது. விவரமாகப் பிறகு எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

உன்,
தையல்காரன்


ஆகஸ்ட் 9

அன்புள்ள தையல்காரருக்கு,

பரீட்சை இன்னுமா முடியவில்லை? இரண்டாம் வகுப்புக்கு இத்தனை பெரிய பரீட்சையா?

இங்கே ஒவ்வொருத்தி அலமாரிக் கதவிலும் ஏதாவது ஒட்டியிருக்கிறது. தும்மல் தன் தம்பி தங்கைகள் போட்டோவை ஒட்டியிருக்கிறாள். என் கதவில் பசையின் தடம் மட்டும்தான், அதுவும் எனக்கு முன்னால் இருந்தவள் விட்டுப்போனது. அந்தப் படத்தைத் திருப்பி அனுப்பியிருக்கக் கூடாது. திருத்திய கையோடு அதை அப்படியே மடித்து உறையில் போட்ட என் புத்தியை என்னவென்று சொல்வது?

அடுத்த வாரம் ஐந்து நாள் விடுமுறை. மூன்று நாள் பஸ்ஸிலேயே போய்விடும். உண்மையைச் சொன்னால் அது காரணம் இல்லை. வந்தால் திரும்பிப் போகமாட்டேன். அவள் பாதத்தைப் பார்த்துவிட்டு இந்தக் கட்டிலுக்கு என்னால் திரும்ப முடியாது.

அதனால் ஒரே ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். எதை வேண்டுமானாலும் வரையட்டும். பூனை, செருப்பு, உங்கள் தொப்பை.

ஏக்கத்துடன்,
வாலுவின் அம்மா


ஆகஸ்ட் 22

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

இதோ வந்துவிட்டது. பூனை கேட்டாய், பூனையே போட்டாயிற்று. வேலி மேல் உட்கார்ந்திருக்கிறது. வாலு இப்போது கிரேயானை விட்டுவிட்டுப் பென்சிலில்தான் வரைகிறாள். இனி வாரம் தவறாது.

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். அளவு கொடுக்க வந்தவர், கண்ணில் என்ன என்று கேட்டார். நூல் தூசி என்றேன்.

உன்,
தொப்பைக்காரன்


செப்டம்பர் 28

அன்புள்ள தையல்காரருக்கு,

என் அலமாரிக் கதவு நிறைந்துவிட்டது. பூனை, தையல் மெஷின், குடை பிடித்த பெண், கொடியில் காயும் துணி, நேற்று வந்த பள்ளிக்கூட வாசல். எவ்வளவு முன்னேற்றம் என்று பாருங்கள். ஆளும் வீடும் அளவாக இருக்கிறது. எல்லாவற்றுக்கும் நிழல் போட்டிருக்கிறாள். ஒரு தடவை திருத்தியதற்கே இப்படிப் பிடித்துக்கொண்டாளே என்று தும்மலிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

அடிஸ்கேல் மேடம் அறைக்கு வந்தபோது காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "உங்க பொண்ணுக்கு என்ன வயசு?" என்றார். ஏழு என்றேன். வேறொன்றும் சொல்லாமல் போய்விட்டார். அவர் வாயிலிருந்து பாராட்டு வந்தால் தொட்டிக் காகம் பாடும் என்று விட்டுவிட்டேன்.

கொடியில் காயும் துணியை வாலுவிடம் தனியாகப் பாராட்டினேன் என்று சொல்லுங்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிகிறது. உள்ளே நம் வீட்டு வெயில் இருக்கிறது. தினமும் வகுப்புக்குப் போகுமுன் ஒரு நிமிஷம் அதன் முன்னால் நின்றுவிட்டுத்தான் போகிறேன்.

உங்கள்,
பெருமைக்காரி


நவம்பர் 23

தையல்காரருக்கு,

இரண்டு விஷயம் எழுத வேண்டும். நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

திங்கட்கிழமை எனக்குக் கற்பித்தல் பயிற்சி. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு, நாற்பத்திரண்டு பிள்ளைகள். கடைசி பெஞ்சில் அடிஸ்கேல் மேடம் மதிப்பெண் தாளோடு உட்கார்ந்திருந்தார். மரம் வரையச் சொன்னேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு சிறுமி மரத்தைத் தலைகீழாகப் போட்டிருந்தாள். பழக்கதோஷம், அவள் பென்சிலை வாங்கி அதே தாளில் மரத்தை நிமிர்த்திப் போட்டுக் கொடுத்தேன். அவள் தாளைக் குப்புறத் திருப்பி வைத்துவிட்டு அதன் மேல் கையைக் கட்டிக்கொண்டாள். மணி அடிக்கும் வரை அப்படியே இருந்தாள்.

வகுப்பு முடிந்ததும் மேடம் அவளிடம் போய்க் குனிந்து ஏதோ கேட்டார். பிறகு என்னிடம் வந்தார். "அது குளத்துல தெரியிற மரமாம். நீங்க கேட்டீங்களா?" என்றார். கேட்கவில்லை. "பிள்ளைங்க தாள்ல டீச்சர் கை படக்கூடாது. காட்டணும்னா உங்க தாள்ல வரைஞ்சு காட்டுங்க. இது தெரியாம நீங்க சர்டிபிகேட் வாங்கி என்ன பண்ணப் போறீங்க?" என்றார். பயிற்சியில் என்னைத் தேறவிடவில்லை. எங்கள் டிசம்பர் விடுமுறையில் அதே பிள்ளைகளுக்குப் பத்து வகுப்பு திரும்ப எடுத்தால்தான் தேர்வுக்கு உட்கார முடியும்.

இரண்டாவது விஷயம் இன்றைக்கு நடந்தது. தும்மல் தன் ரெக்கார்டு நோட்டில் ஒரு பக்கத்தைத் தோழியிடம் கொடுத்து வரைந்து வாங்கியிருக்கிறாள். மேடம் ஒரே பார்வையில் பிடித்துவிட்டார். வலக்கைக்காரர்கள் நிழல் போட்டால் கோடு ஒரு பக்கம் சாயுமாம், இடக்கைக்காரர்கள் போட்டால் எதிர்ப்பக்கம் சாயுமாம். தும்மல் வலக்கை. அந்தத் தோழி இடக்கை.

அறைக்கு வந்து என் அலமாரிக் கதவைப் பார்த்தேன். பூனை, மெஷின், குடை, கொடி, வாசல், அதற்குப் பின்னால் வந்த ஏழு. பன்னிரண்டு படத்திலும் நிழல் என் வலக்கை போடுகிற பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. நம் மகள் இடக்கை. குடை பிடித்த பெண்ணின் சட்டையைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். தோளில் தையல் இருக்கிறது. பட்டன் ஒவ்வொன்றிலும் நாலு ஓட்டை இருக்கிறது. எந்த ஏழு வயதுக் குழந்தை பட்டனுக்கு நாலு ஓட்டை போடும்?

மேடத்துக்குப் படங்களைப் பார்த்த அன்றைக்கே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. மகள் கையென்று நினைத்து உங்கள் கைக்கு மூன்று மாதம் முத்தம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

என் பிள்ளை எப்போதிலிருந்து வரையவில்லை? எனக்குக் கோபமாக இருக்கிறது. அதைவிடப் பயமாக இருக்கிறது. உண்மையை எழுதுங்கள்.


டிசம்பர் 3

என் அன்புக்குரியவளுக்கு,

எழுதுகிறேன். திட்டுவதானால் முழுவதும் படித்துவிட்டுத் திட்டு.

ஜூலையில் நீ திருத்தி அனுப்பிய படத்தை வாலு கட்டிங் மேசை மேல் விரித்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "இது நான் வரைஞ்சதா, அம்மா வரைஞ்சதா?" என்று கேட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து வரைந்தது என்று சமாளித்தேன். நீ போட்டிருந்த கையை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு படத்தை நாலாக மடித்து மேசைக்கு அடியில் வெட்டுத்துணிப் பைக்குள் போட்டாள். அன்றிலிருந்து வரையவில்லை. கிரேயான் டப்பாவில் இப்போது பட்டன் இருக்கிறது. அவளேதான் கொட்டி வைத்தாள், "உங்களுக்கு டப்பா பத்தலைன்னீங்களே" என்று சொல்லி.

ஒரு வாரம் கழித்து, கை ஏன் போடவில்லை என்று கேட்டேன். மறந்துவிட்டாயா என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, விவரம் கெட்ட ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"கை இருந்தா அம்மா பெட்டியைத் தூக்கிட்டுப் போயிடுவாங்கப்பா."

இதை நான் உனக்கு எழுதவில்லை. எழுதியிருந்தால் அடுத்த பஸ்ஸில் நீ வந்திருப்பாய். நீ வந்து மறுபடி அந்த விளையாட்டு மாஸ்டர் பீரியடை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியாது. அதனால் துணியில் கோடு போடுகிற சாக்பீஸை வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தேன். ஒரு படம் போட்டால் உன் மனசு ஆறும், பிறகு அவளே வரைய ஆரம்பித்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். அவள் ஆரம்பிக்கவில்லை. நீ பாராட்டி எழுத ஆரம்பித்தாய். கொடியில் காயும் துணியை நீ பாராட்டிய கடிதத்தை இன்னும் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் நான் தைத்த ஒரு சட்டையைக்கூட நீ அப்படிச் சொன்னதில்லை. அதற்கு ஆசைப்பட்டு அடுத்த வாரமும் வரைந்தேன். தப்புதான்.

அவள் நன்றாகச் சாப்பிடுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள், சிரிக்கிறாள். உன்னைப் பற்றிக் கேட்பதில்லை. உன் கடிதத்தைப் படித்துக் காட்டினால் மேசைக்கு அடியிலிருந்து கேட்கிறாள்.

உன்,
திருட்டு ஓவியன்


டிசம்பர் 14

அன்புள்ள தையல்காரருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் பெட்டியை எடுத்துக் கட்டில் மேல் வைத்தேன். துணியெல்லாம் அடுக்கினேன். கைப்பிடி இல்லாததால் கயிறு தேடி வராந்தாவுக்குப் போனேன். அங்கே அடிஸ்கேல் மேடம் வந்தார், கயிறு எதற்கு என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னதில் பாதி அவருக்குப் புரிந்திருக்காது. கயிற்றை அவரே எடுத்துக் கொடுத்தார். "போறதுன்னா போங்க. ஆனா திரும்பிப் போய் அந்தக் குழந்தைகிட்ட என்ன கேட்கப் போறீங்கன்னு தெரிஞ்சுகிட்டுப் போங்க" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. எட்டு வருஷத்தில் எத்தனை தாளில் கை வைத்திருப்பேன். எத்தனை குளத்து மரத்தை நிமிர்த்தியிருப்பேன். போகாதே அம்மா என்று என் பிள்ளை எனக்குத் தெரிந்த பாஷையில் எழுதி அனுப்பியதற்கு நான் பத்துக்கு ஆறு போட்டிருக்கிறேன். இரண்டு கையையும் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

துணியைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டேன். பத்து வகுப்பையும் எடுக்கப் போகிறேன். கற்றுக்கொள்ளாமல் வந்தால் மறுபடியும் அதையேதான் செய்வேன்.

உங்கள் மேல் கோபம் பாதி போய்விட்டது. கொடியில் காயும் துணி நல்ல படம்தான், அதை வாபஸ் வாங்கவில்லை. இனி அனுப்பாதீர்கள்.

இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். நான் வரைந்தது. நம் வீடு, கடை, நீங்கள், வாலு, நான். எல்லாம் நினைவிலிருந்து போட்டது. எனக்குக் கை போடவில்லை. பக்கத்தில் பெட்டி இருக்கிறது. என்னுடைய சிவப்புப் பென்சிலையும் உறைக்குள் போட்டிருக்கிறேன். வாலுவிடம் கொடுங்கள், ஒன்றும் சொல்லாதீர்கள். திருத்து என்றும் சொல்ல வேண்டாம். என்னிடமிருந்து அந்தப் பென்சில் போனால் போதும்.

அவள் அம்மா


பிப்ரவரி 2

அன்புள்ளவளுக்கு,

ஒவ்வொரு கடிதத்திலும் கேட்காமல் கேட்கிறாய், அதனால் சொல்லிவிடுகிறேன். படத்தைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். "பென்சில் எனக்கா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். பென்சில் பட்டன் டப்பாவில் கிடக்கிறது. சீவவில்லை. படம் எங்கே என்று எனக்குத் தெரியாது. கூட்டும்போது தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

வகுப்பு பத்தையும் முடித்துவிட்டாய் என்று எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அந்தக் குளத்து மரச் சிறுமி இரண்டாம் வாரம் உன்னிடம் தானாக வந்து படம் காட்டினாள் என்ற இடத்தில், அவள் என்ன காட்டினாள் என்று மேசைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. குளம் வற்றிய பிறகு இருக்கிற மரம் என்று நீ எழுதியிருந்ததைச் சொன்னேன்.

நீ படி. இங்கே காத்திருக்க நான் இருக்கிறேன்.

உன்,
தையல்காரன்


ஏப்ரல் 12

அன்புள்ள தையல்காரருக்கு,

தேறிவிட்டேன். இன்று காலை பலகையில் ஒட்டினார்கள். தும்மலும் தேறிவிட்டாள். சந்தோஷத்தில் பதினோரு தும்மல்.

வாய்மொழித் தேர்வில் ஒரே ஒரு கேள்விக்குத்தான் தடுமாறினேன். வெளியூரிலிருந்து வந்த பெரியவர் ஒரு குழந்தைப் படத்தை நீட்டி, இதில் என்ன தப்பு என்று கேட்டார். வீட்டுக்கு மேல் ஒரு மீன். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு, தெரியாது சார், வரைந்த பிள்ளையிடம் கேட்க வேண்டும் என்றேன். அவர் குறித்துக்கொண்டார். பூஜ்யமோ என்று பயந்தேன். கதவோரம் அடிஸ்கேல் மேடம் நின்றுகொண்டிருந்தார். சிரித்த மாதிரி இருந்தது, உறுதியாகச் சொல்லமாட்டேன்.

இருபத்தெட்டாம் தேதி காலை எட்டரைக்கு பஸ் வரும். வாலுவை இழுத்துக்கொண்டு வராதீர்கள். அவளுக்கு மேசைக்கு அடியில் இருக்க வேண்டும் என்றால் இருக்கட்டும். நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்கிறேன், எத்தனை நாள் ஆனாலும். எனக்கு அவளைப் பார்த்தால் போதும். உங்கள் மூக்குக்கு மேலேயும் பார்க்க வேண்டும், அது இன்னும் நினைவுக்கு வரவில்லை.

உங்கள்,
டிராயிங் டீச்சர்


ஏப்ரல் 20

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

இந்தத் தடவைதான் நிஜமாகவே டீச்சரம்மா. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். ஒருவர் அளவு கொடுப்பதை மறந்துவிட்டு வாழ்த்திவிட்டுப் போய்விட்டார்.

உன் கடிதத்தை முந்தாநாள் படித்துக் காட்டினேன். இருபத்தெட்டு என்ற இடத்தில் வாலு வெளியே வந்தாள். காலண்டரில் எண்ணினாள். பட்டன் டப்பாவைக் கவிழ்த்துப் பென்சிலை எடுத்து, என்னிடம் சீவிக் கொடுக்கச் சொன்னாள். உன் படம் அவள் ஸ்கூல் பைக்குள் அட்டைக்கு அடியில் இருந்திருக்கிறது, நாலு மாதமாக. நேற்று சாயங்காலம் வரைக்கும் மேசை அவளுடையது. நான் தரையில் உட்கார்ந்து காஜா எடுத்தேன்.

அவள் திருத்திய உன் படத்தை இதோடு அனுப்புகிறேன். ஜன்னல் திரையைச் சிவப்பால் அடித்துவிட்டு வேறு போட்டிருக்கிறாள், பொங்கி வந்த பாலைத் துடைத்து அந்தப் பழைய திரையை நான் நாசமாக்கிவிட்டேன். அவளுக்கு நீ போட்டிருந்த நீள ஜடையை அடித்துவிட்டாள். ஜனவரியில் காதுவரை வெட்டியாயிற்று, உன்னிடம் சொல்லப் பயந்து விட்டுவிட்டேன். முன்பல் இரண்டு இருந்த இடத்தில் ஓட்டை போட்டிருக்கிறாள். அவள் தலைக்கு மேல் ஒரு கோடு இருக்கிறது பார், அதுதான் இப்போதைய உயரம். என் சட்டைப்பை வரைக்கும் வந்துவிட்டாள். நீ போட்டிருந்தது போன வருஷத்துப் பிள்ளை.

பத்துக்கு நாலு கொடுத்திருக்கிறாள். கீழே "நன்று. பார்த்து வரை" என்று எழுதியிருக்கிறாள். வெட்டுத்துணிப் பையிலிருந்து பழைய படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, உன் எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினாள்.

கடைசியாக உனக்கு இரண்டு கையும் போட்டாள். பெரிய கைகள், ஒன்றில் விரல் ஆறு இருக்கிறது. எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. கை இருந்தால் அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்றாயே என்று கேட்டேன்.

தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "கை இல்லாம பெட்டியை எப்படிப்பா இறக்கி வைப்பாங்க?"

எட்டரை பஸ்ஸுக்கு ஏழே முக்காலுக்கே வந்துவிடுவோம், இரண்டு பேரும். வருகிற வழியில் கைப்பிடியை யாரிடமும் கொடுத்துத் தைக்காதே. வீட்டுக்கு வந்ததும் நானே தைத்துத் தருகிறேன். இனி அதற்கு அவசரமில்லை.

உன்,
தையல்காரன்